தழுவுமரமும் வீலானும்: ஒரு திறனாய்வு

கணினி வலையமைப்பியலிலே செய்யுளோடு தோன்றிய நெறிமுறை ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனத்திற் பணியாற்றிய ராடியா பேள்மன் அம்மையார், ஸ்பானிங் ட்ரீ எனப்படும் தழுவுமர நெறிமுறையை உலகுக்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் முகப்பிலே, தாமே யாத்த சிறு செய்யுளொன்றைப் பதித்தார். ஜொய்ஸ் கில்மர் என்னும் அமெரிக்கப் புலவர் 1913இல் மரங்களைப்பற்றிப் பாடிய பாட்டை அடியொற்றி எழுந்தது அது. விளையாட்டாக எழுதப்பட்டதாயினும், நெறிமுறையின் பொருள் முழுவதும் அதனுள் அடங்கிவிடுகின்றது. வேர் ஒன்று தெரிவு செய்யப்படல் வேண்டும். வேரிலிருந்து செலவு குறைந்த வழிகள் கணிக்கப்படும். அவ்வழிகள் கூடி மரமாகும். வட்டம் எங்கும் இராது. இத்துணைச் சுருக்கமாகச் சொல்லக்கூடிய பொறியியற் கருத்துக்கள் மிகச் சிலவே. ஆயினும் இம்மரம் கம்பிகளை மட்டுமே அறியும். கம்பிகளின் வழியே செல்வோர் யாவர், அவர் எக்குழுவினர் என்பதை அறியாது. அக்காலத்தில் அது குறையன்று. பின்வந்தோர் வீலான் என்னும் குழுப் பகுப்பை இம்மரத்தின்மேல் ஏற்றியபோதே அது குறையாயிற்று. அவ்வேற்றம் செம்மையாகச் செய்யப்பட்டதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மரம் ஏன் வேண்டப்பட்டது என்பதை முதலில் நோக்குதல் தகும். இன்ரநெற் வழியே செல்லும் பொதி ஒவ்வொன்றும், தான் இன்னும் எத்தனை தரிப்புக்களைக் கடக்கலாம் என்னும் எண்ணைத் தன்மேற் சுமந்து செல்கின்றது. தரிப்புத்தோறும் அவ்வெண் ஒன்று குறையும். பூச்சியமானதும் பொதி கைவிடப்படும். ஈதர்நெற் சட்டகத்துக்கோ அத்தகைய ஆயுள் வரையறை இல்லை. சுவிச்சு என வழங்கும் ஆளிகளை வட்டமாக இணைத்துவிட்டு, அனைவருக்கும் உரிய பொதுச் சட்டகம் ஒன்றை அனுப்பின், அது சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டங்கள் பலவாயின் ஒன்று பலவாகப் பெருகும். சில நொடிகளுள் கம்பிகள் யாவும் நிரம்பி, உண்மையான செய்திக்கு இடமில்லாது போய்விடும். இதனையே ஒலிபரப்புப் புயல் என்பர். அவ்வாறாயின் வட்டம் உண்டாகாதபடி ஒற்றைக் கம்பியாலேயே இணைத்தால் என்னை எனின், அக்கம்பி அறும் நாளில் மாற்றுவழி இராது. மாற்றுவழியும் வேண்டும், வட்டமும் ஆகாது என்னும் இவ்விரு வேண்டுகோள்களையும் ஒருங்கே நிறைவேற்றியமையே பேள்மன் அம்மையாரின் பெருமை. மிகையான கம்பி அகற்றப்படுவதில்லை. அதன் ஒரு முனையிலுள்ள துறை அடைக்கப்பட்டுக் காத்திருக்கும். நான்கு ஆளிகளை ஒன்றோடொன்று முற்றாக இணைத்தால் ஆறு கம்பிகள் ஆகும். மரத்துக்கு மூன்று போதும். எஞ்சிய மூன்றும் உறங்கும்.

இதனைக் கணிதநூலார் கூறும் மீச்சிறு தழுவுமரத்தோடு ஒன்றாக்கி உரைப்போர் உளர். அது பொருந்தாது. மொறாவிய நாட்டு மின்வலையின் பொருட்டு ஒட்டகார் பொறூவ்கா 1926இல் ஆராய்ந்தது, கம்பிகளின் மொத்தச் செலவு மிகக் குறைந்த மரத்தை. ஆளிகள் அமைப்பதோ, வேரிலிருந்து ஒவ்வோர் ஆளிக்கும் உரிய வழியின் செலவு மிகக் குறைந்த மரத்தை. இரண்டும் வெவ்வேறாதல் கூடும்.

வேர் தெரிவு செய்யப்படும் முறை சுவையானது. ஒவ்வோர் ஆளிக்கும் எட்டு பைற் நீளமான அடையாளம் உண்டு. முதல் இரண்டு பைற்றும் முன்னுரிமை எண். மற்றைய ஆறும் தொழிற்சாலையிற் பொறிக்கப்பட்ட முகவரி. யாருடைய எண் சிறியதோ அவரே வேர். முன்னுரிமை எண் யாவர்க்கும் 32768 என்றே தொடக்கத்தில் அமைந்திருக்கும். ஆதலின் பொறுப்பாளர் கைவைக்காது விட்ட வலையமைப்பில், தொழிற்சாலை முகவரி சிறியதாயுள்ள ஆளியே வேராகிவிடும். பெரும்பாலும் அது களஞ்சிய அறையில் தூசுபடிந்து கிடக்கும் பழைய ஆளியாக இருக்கும். மூத்தோருக்கு முதலிடம் கொடுக்கும் பண்பாடு இயந்திரங்களிடத்தும் உண்டுபோலும்! வேராகியது இரண்டு நொடிக்கு ஒருமுறை தன் அறிவிப்பை அனுப்பும். ஏனையவை அதனைக் கேட்டுத் தத்தம் செலவைக் கூட்டிக் கீழே அனுப்பும். அறிவிப்பு இருபது நொடி வாராதாயின் பழையது கழிந்ததாகக் கொள்ளப்படும். அடைபட்டிருந்த துறை பதினைந்து நொடி செவிமடுத்து, மேலும் பதினைந்து நொடி கற்றுப் பின்னர் திறக்கும். ஐம்பது நொடி என்பது 1980களில் பொறுக்கத்தக்கதாக இருந்தது. 2001ஆம் ஆண்டு 802.1டபிள்யூ என்னும் திருத்தம் அதனைப் பெரிதும் விரைவாக்கியது.

இனி வீலான். ஒரே ஆளியிற் பொருத்தப்பட்ட கணினிகளை, வெவ்வேறு ஆளிகளிற் பொருத்தப்பட்டவைபோலக் குழுக்களாகப் பிரிப்பது அது. கணக்குப் பிரிவினரின் பொதுச் சட்டகம் ஆசிரியர் அறைக்குச் செல்லாது. மாணவர் ஆய்வுகூடத்தின் இரைச்சல் அலுவலகத்தை எட்டாது. ட்ரங்க் எனப்படும் பொதுக் கம்பியிலே பல குழுக்களின் சட்டகங்களும் கலந்து செல்லுமாதலின், எது எக்குழுவினது என்று காட்டும் பொருட்டு நான்கு பைற் கொண்ட சிட்டை ஒன்று சட்டகத்தில் ஒட்டப்படும். அச்சிட்டையில் குழுவெண்ணுக்கு உரியவை பன்னிரண்டு பிற். 4096 எண்களில் முதலும் ஈறும் விலக்கப்பட, 4094 எஞ்சும். இதனை ஐ.இ.இ.இ. நிறுவனம் 802.1கியூ என்னும் தரநூலாக 1998இல் வெளியிட்டது.

இங்கேதான் திறனாய்வாளன் தயங்கி நிற்க வேண்டியவனாகின்றான். குழுக்கள் நாலாயிரம் ஆகலாம் என்று வகுத்த அத்தரநூல், அவை அனைத்துக்கும் மரம் ஒன்றே என்றும் வகுத்தது. கம்பி ஒன்று அடைபட்டால் எல்லாக் குழுக்களுக்கும் அடைபட்டதே. இதனால் விளையும் சிறுகேடு வீண்செலவு. பணங்கொடுத்து இழுத்த கம்பிகளிற் பல ஆண்டுமுழுதும் ஒரு சட்டகமும் சுமவா. பெருங்கேடு வேறொன்று. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

க, ச, த என்னும் மூன்று ஆளிகள் முக்கோணமாக இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. கம்பிகள் சம செலவுடையன. க வேராகின்றது. ஆகவே ச–த கம்பி அடைக்கப்படும். இருபதாம் வீலானைச் சேர்ந்த கணக்குப் பிரிவினர் ச, த ஆகிய இரண்டிடத்து மட்டுமே உள்ளனர். கவில் ஒருவரும் இல்லர். சிக்கனமும் ஒழுங்கும் உள்ள பொறுப்பாளர் ஒருவர், தேவையற்ற இடத்துக்கு இக்குழுவின் சட்டகம் செல்லலாகாது எனக் கருதி, இருபதாம் வீலானை ச–த கம்பியில் மட்டும் அனுமதித்து, மற்றைய இரு கம்பிகளிலும் விலக்கிவிடுகின்றார். அவர் செய்ததிற் பிழையென்று எவரும் கூறார். மரமும் தன் கடமையைச் செவ்வனே செய்துள்ளது. ஆயினும் சவில் உள்ள கணக்காளரும் தவில் உள்ள கணக்காளரும் ஒருவரோடொருவர் பேசமுடியாது. அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட கம்பி அடைபட்டுள்ளது. திறந்துள்ள கம்பிகளில் அவர்களுக்கு அனுமதியில்லை. கம்பி அறவில்லை, விளக்குகள் எரிகின்றன, பிற குழுக்கள் இயங்குகின்றன, எவ்வித அபாய அறிவிப்பும் இல்லை. இரண்டு நேர்மையான முடிவுகள் கூடி ஒரு பிழையாகின்றன.

இதன் காரணம் யாது? ஒற்றை மரம் என்னும் ஏற்பாடு, எல்லாக் கம்பிகளும் எல்லாக் குழுக்களையும் சுமக்கும் என்னும் எடுகோளின்மேல் நிற்கின்றது. அவ்வெடுகோளைக் காக்க வேண்டியவர் பொறுப்பாளர். ஆனால் அவர் கையிற் கொடுக்கப்பட்ட கருவியோ, கம்பிதோறும் குழுக்களை அனுமதிக்கவும் விலக்கவும் உதவுவது. விலக்குதற்கு வழிசெய்து கொடுத்துவிட்டு, விலக்கினால் மரம் அதனை அறியாது என்பதைச் சொல்லாது விட்டமை வடிவமைப்பின் குற்றமேயன்றிப் பயன்படுத்துவோர் குற்றமன்று. நடுநிலை தவறாது கூறுமிடத்து, தரநூல் ஜி.வி.ஆர்.பி. என்னும் துணைநெறியையும் தந்திருந்தது என்பதை மறுத்தலாகாது. அது குழுக்களின் பதிவை மரத்தின் வழியே தானாகப் பரப்புவது. எல்லாரும் அதனைக் கைக்கொண்டிருப்பின் மேற்கூறிய இடர் நேர்ந்திராது. ஆனால் நடைமுறையிற் பலர் கையாலேயே குழுக்களை அனுமதித்து வந்தனர்.

இதற்கு நேர்மாறான வழியைச் சிஸ்கோ நிறுவனம், தரநூல் வெளிவருமுன்னரே தன் சொந்த ஆளிகளிற் கையாண்டிருந்தது. குழு ஒவ்வொன்றுக்கும் தனிமரம் என்பதே அது. மேற்காட்டிய முக்கோணத்தில் இருபதாம் வீலானின் மரம் ச, த ஆகிய இரண்டை மட்டுமே அறியும். ஆதலின் ச–த கம்பி அக்குழுவுக்குத் திறந்தேயிருக்கும். மேலும், பாதிக் குழுக்களுக்கு ஓர் ஆளியையும் மறுபாதிக்கு வேறோர் ஆளியையும் வேராக்கினால், உறங்கும் கம்பி என ஒன்று இராது. மரத்துக்கும் குழுவுக்கும் உள்ள உறவை நேராகக் கண்ட தீர்வு இதுவே. வேறு நிறுவனத்தாரின் ஆளிகளோடு கலந்து வாழவும் அது நுட்பமான வழி கண்டது. முதலாம் வீலானின் அறிவிப்பைப் பொதுத்தர முகவரிக்கும் அனுப்பி, ஏனையவற்றை அந்நிறுவனத்துக்கே உரிய வேறு முகவரிக்குச் சிட்டையோடு அனுப்பும். அம்முகவரியை அறியாத ஆளிகள் அதனைச் சாதாரணச் சட்டகமாகக் கருதி அப்பால் விடுத்துவிடும். அயலார் தம் வீட்டினூடாக எடுத்துச் செல்லப்படுவது கடிதமென்று அறியாமலே அதனைக் கடத்திவிடுவது போன்றது இது.

ஆயின் இதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. 4094 குழுக்களும் உளவாயின், இரண்டு நொடிக்கு ஒன்றாக, ஒரே கம்பியில் நொடிக்கு 2047 அறிவிப்புக்கள் செல்லும். ஆளியின் மூளை சிறியது. அதனால் இத்துணை மரங்களை வளர்க்க முடியாது. சிஸ்கோவின் சிறிய ஆளிகள் பலவற்றில் மரங்களின் எல்லை 128. நூற்றிருபத்தொன்பதாவது வீலானை உண்டாக்கினால் நேர்வது யாது? மரங்கள் யாவும் செலவாகிவிட்டிருப்பின், புதிய வீலான் அவ்வாளியில் மரமின்றியே இயங்கும். அதாவது வட்டத்துக்கு எதிரான காவல் எதுவும் இன்றி இயங்கும். உண்டாக்க மறுத்திருந்தால் பொறுப்பாளர் உடனே அறிந்திருப்பார். காவலில்லாத குழுவை அனுமதித்தல் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை என்றே கொள்ளவேண்டும்.

தனிமரங்கள் ஆளியின் அடையாளத்தையும் மாற்றின. மரம் ஒவ்வொன்றிலும் ஆளிக்கு வேறு அடையாளம் வேண்டுமாதலின், நாலாயிரம் முகவரிகளுக்கு எங்கே போவது? 2001ஆம் ஆண்டுத் திருத்தம் முன்னுரிமை எண்ணின் பதினாறு பிற்றில் பன்னிரண்டைப் பறித்துக் குழுவெண்ணுக்குக் கொடுத்தது. எஞ்சிய நான்கில் பதினாறு படிகளே அமையும். அதனாலேயே முன்னுரிமை 4096இன் மடங்குகளாக மட்டும் இடப்படுகின்றது. பத்தாம் வீலானில் ஆளியின் முன்னுரிமை 32778 என்று திரையிற் காணும் புதியவர் திகைப்பர். அது 32768உடன் பத்தைக் கூட்டியது, அவ்வளவே. மரத்தின் உடலுள்ளே வீலான் புகுந்ததற்கு இவ்வெண்ணைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

ஒரு மரம் போதாது, நாலாயிரம் தாங்காது என்ற நிலையில், 2002இல் 802.1எஸ் என்னும் பன்மர நெறி வெளிவந்து, பின்னர் 2005ஆம் ஆண்டு 802.1கியூ பதிப்பினுள் அடங்கியது. குழுக்களைச் சில தொகுதிகளாக்கித் தொகுதிக்கு ஒரு மரம் நடுதல் அதன் கருத்து. ஐந்நூறு வீலான்களுக்கு உண்மையில் வேண்டப்படுவன பெரும்பாலும் இரண்டு மரங்களே என்னும் அனுபவத்தின் மேல் எழுந்த இக்கருத்து அறிவுசான்றது. எல்லா மரங்களின் செய்தியும் ஒரே அறிவிப்பில் அடங்கிச் செல்வதால் இரைச்சலும் குறைந்தது. எந்தக் குழு எந்தத் தொகுதியினது என்பதில் எல்லா ஆளிகளும் ஒருமித்திருத்தல் வேண்டும். அதனை உறுதிசெய்ய, வட்டாரத்தின் பெயர், திருத்த எண், 4096 பதிவுகள் கொண்ட அட்டவணையிலிருந்து பிழிந்தெடுத்த பதினாறு பைற் சாரம் ஆகிய மூன்றையும் ஆளிகள் ஒப்புநோக்கும். அட்டவணை முழுவதையும் அனுப்பாது அதன் சாரத்தை மட்டும் அனுப்பியமை பாராட்டத்தக்கது. ஆனால் ஒரே ஓர் ஆளியில் ஒரே ஒரு குழுவைத் தொகுதி மாற்றிவிட்டால், சாரம் வேறுபட்டு, அவ்வாளி வட்டாரத்துக்குப் புறம்பாகிவிடும். எந்தப் பதிவு வேறுபட்டதென்று சாரம் சொல்லாது. ஆகவே அனுபவமுள்ளோர், இன்னும் உண்டாகாத வீலான்களையும் சேர்த்து 4094ஐயும் முதல் நாளிலேயே தொகுதிகளுக்குப் பங்கிட்டுவிடுவர். மரம் நட்டபின் நிலத்தை அளப்பது இங்கே ஆகாது.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. பன்மர நெறியின் அறிவிப்பு கம்பியைப் பற்றியதேயன்றிக் குழுவைப் பற்றியதன்று. ஒரு கம்பியில் இருபதாம் வீலான் விலக்கப்பட்டிருப்பினும், அத்தொகுதியின் மரம் அக்கம்பியைத் தன் கிளையாகவே எண்ணும். எனவே க, ச, த முக்கோணத்தின் பழைய பிழை அப்படியே திரும்பி வந்துவிடுகின்றது. 1998இல் இருந்த எடுகோள் அழியவில்லை, இடம் மாறியது. முன்னர் வலையமைப்பு முழுவதற்கும் ஒன்றாயிருந்தது, இப்பொழுது தொகுதிக்கு ஒன்றாக நிற்கின்றது. வீலானை விலக்குவதாயின் தொகுதி முழுவதையும் சேர்த்தே விலக்குக என்பது இன்று கற்பிக்கப்படும் விதி. விதி நல்லதே, ஆயினும் இயந்திரம் காக்க வேண்டியதை மனித நினைவிடம் ஒப்படைக்கின்றது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான குறை ஒன்றும் இங்கே சுட்டத்தக்கது. அடைபட்ட துறை அடைபட்டேயிருப்பது, அங்கே அறிவிப்புக்கள் வந்துகொண்டிருப்பதனாலாகும். அறிவிப்பு நின்றால், மறுபுறம் எவருமில்லை என்று கருதி அத்துறை திறந்துவிடும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் உலக வழக்கை இந்நெறிமுறை எழுத்துப் பிசகாது பின்பற்றுகின்றது. கம்பி அறுந்ததனால் மௌனம் நேரின் திறத்தல் சரியே. அயல் ஆளி வேலைப் பளுவால் மூச்சுத் திணறி அறிவிப்பு அனுப்ப இயலாது போனதனால் மௌனம் நேரின், திறந்த கணமே வட்டம் உண்டாகும். வட்டம் பளுவை ஏற்றும். பளு மௌனத்தை நீட்டும். வீலான்கள் தனித்தனி என்று நம்பியிருப்போர் இங்கே ஏமாறுவர். குழுக்கள் பிரிந்திருப்பது சிட்டையிலே. அவை செல்லும் கம்பியும் அவற்றுக்காகச் சிந்திக்கும் மூளையும் பொதுவே. ஒரு வீலானின் புயல் பொதுக் கம்பியை நிரப்பி, பிற வீலான்களின் மரங்களையும் சாய்த்துவிடும். லூப் கார்ட் எனப்படும் காவல் போன்றவை, மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாது துறையை மூடியே வைப்பன. தொடக்கத்திலேயே அவ்வாறு வகுத்திருக்கலாமே என்று இன்று கூறுதல் எளிது.

இவையெல்லாம் ஏட்டளவிலான குறைகள் என எண்ணுவோர், பொஸ்ரன் நகரின் பெத் இஸ்றேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தில் 2002 நொவெம்பர் 13ஆம் நாள் தொடங்கியதை நோக்குக. ஆராய்ச்சிப் பணி ஒன்றின் பெருந்தரவு வலையமைப்பில் ஏறியபோது தழுவுமரம் நிலைகுலைந்து, ஏறக்குறைய நான்கு நாட்கள் மருத்துவமனை கடதாசிக்குத் திரும்பியது. ஆய்வுகூட முடிவுகளைத் தூதுவர் கையிற் சுமந்து ஓடினர். கணினியில்லாது மருந்துச்சீட்டு எழுதியறியாத இளம் மருத்துவர்க்கு மூத்தோர் எழுதக் கற்பித்தனர். வேரிலிருந்து ஏழு தரிப்புக்கு மேற்படாத மரத்துக்கென்றே நெறிமுறையின் வழக்கமான நேரக்கணக்கு வகுக்கப்பட்டது. அங்கே வலையமைப்பு படிப்படியாக இணைந்து இணைந்து அவ்வெல்லையைத் தாண்டியிருந்தது. இவ்விபத்துக்கு வீலான் பகுப்பு நேர்க்காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் ஒரு குழுவைக் கட்டடம் கட்டடமாக நீட்டிச் செல்ல வீலான் இடங்கொடுக்கின்றது. குழு நீளுந்தோறும் அதனைத் தாங்கும் மரமும் நீளவேண்டும் என்பதை மறக்கச் செய்கின்றது. அங்கே கண்ட மருந்தும், வலையமைப்பை வழிப்படுத்திகளாற் பிரித்து மரத்தைச் சிறிதாக்கியமையே. அந்நிலையம் நிகழ்ந்ததை மறைக்கவில்லை. 2003இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டிலே அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. அத்தகைய நேர்மை போற்றற்குரியது.

பேள்மன் அம்மையார் தம் மரத்தோடு நின்றுவிடவில்லை. அவர் பங்குகொண்டு 2011இல் வெளிவந்த ட்ரில் என்னும் நெறிமுறை, மரத்தின் இடத்தில் வழிகாணும் முறையை வைத்தது. அதன் ஏட்டிலே அவர் மகன் யாத்த புதிய செய்யுளொன்று இடம்பெற்றது. 2012இல் 802.1ஏகியூ என்னும் தரமும் ஏறத்தாழ அதே நோக்குடன் எழுந்தது. இரண்டும் எங்கும் பரவிவிட்டன என்று கூறுவதற்கில்லை. பெரிய தரவு நிலையங்கள் 2014இல் ஏடாக வெளிவந்த வி.எக்ஸ்.லான் முதலிய வேறு வழிகளை நாடின; அதன் குழுவெண் இருபத்துநான்கு பிற், அஃதாவது ஒருகோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்கள். பாடசாலைகளின் சுவரலமாரிகளிலும் மருத்துவமனைகளின் மாடிப்படிகளின் கீழும் உள்ள ஆளிகளோ இன்றும் தழுவுமரத்தையே நம்பியிருக்கின்றன. ட்ரில் சட்டகத்தின் தலைப்பிலே தரிப்பெண்ணுக்கென ஆறு பிற் ஒதுக்கப்பட்டது. 1985இல் ஈதர்நெற் சட்டகத்தில் இல்லாதிருந்தது அதுவே.